ஓரகத்திகளின் சீனி வருத்தம்

அம்பிட்டியவில் ஆட்டோ ஓட்டுகிறவன் ஏற்றத்தைக் கண்டு பயப்படக்கூடாது, பின்சீட்டுப் பேச்சுக்குக் காது கொடுக்கவும் கூடாது. ஏற்றத்துக்கு நான் பயந்ததே இல்லை. காது விசயத்தில்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுவும் இராஜகுமாரி அக்காவும் சுபாஜினி அக்காவும் ஏறிவிட்டால் எஞ்சின் சத்தத்தையும் மீறிக்கொண்டு எல்லாம் வந்து விழும். அதற்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டா ஓட்ட முடியும்?

இரண்டு பேரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். மூத்தவர் சண்முகநாதனைக் கட்டியவள் இராஜகுமாரி அக்கா. இளையவர் சுதேஷைக் கட்டியவள் சுபாஜினி அக்கா. மாரியம்மன் கோயிலுக்கு மேலே, நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்த வீடு. முன்னுக்கு இரண்டு வாசல், பின்னுக்கு ஒரே குசினி. அந்தக் குசினியில்தான் இடியாப்பம் அவித்துக் கண்டி டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். சண்முகநாதன் அண்ணன் மாநகரசபையில் வேலை செய்து பென்சன் வாங்கியவர். சுதேஷ் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். ஆனாலும் அந்த வீட்டு அடுப்பு அணையாமல் இருப்பது இடியாப்பத்தால்தான் என்று ஊருக்கே தெரியும்.

நான் காலையில் கூடைகளை ஏற்றப் போகும்போது குசினி முழுக்க ஆவி நிற்கும். வறுத்த அரிசிமாவின் வாசம் ரோட்டுக்கே வரும். மாவுக்குக் கொதிதண்ணீர் ஊற்றிக் குழைப்பது சுபாஜினி அக்கா. உரலில் போட்டுப் பிழிவது இராஜகுமாரி அக்கா. தட்டின் மேல் உரலைப் பிடித்துக் கையை ஒரு சுற்றுச் சுற்றுவாள், நூல் நூலாக இறங்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கை வேறு யாருக்கும் வராது. கடைக்காரர்களும் "மூத்த அக்காவோட இடியாப்பம்" என்றுதான் கேட்பார்கள். குழைத்துக் கொடுத்தவளுக்கு ஒரு பேரும் இல்லை. தட்டை அடுக்குவாள், கூடையைத் துடைப்பாள், பேசாமல் இருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அதிலும் இராஜகுமாரி அக்காதான் மூத்தவள். எட்டு வருசமாகக் கிளினிக் போகிறாள். காலைக்கும் இரவுக்கும் மருந்துக் குளிசை. போன வருசம் சுபாஜினி அக்காவுக்கும் சீனி இருக்கிறதென்று தெரிந்தபோது, மூத்தவள் முகத்தில் கவலை இருந்தது உண்மைதான், ஆனால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரிக் கூட்டிப்போனாள். எந்த வாங்கில் உட்கார்ந்தால் நம்பர் கூப்பிடுவது கேட்கும், இரத்தம் எடுத்த பிறகு எந்தக் கன்ரீனில் சாப்பிடுவது, எந்த நர்ஸ் மிஸ்ஸி எரிந்து விழுவாள், எல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சுபாஜினி அக்கா எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தச் "சரிக்கா" மூன்றே மாதத்தில் மாறிப்போனது.

கிளினிக்கில் ஒரு லேடி டொக்டர். சிங்களத்தவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். இப்போதுதான் ஆரம்பம், சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் உங்களுக்கு இந்தக் குளிசை தேவைப்படாமலே போகலாம் என்று சுபாஜினி அக்காவிடம் சொல்லியிருக்கிறார். யார் சொன்னாலும் கேட்கிற பெண்தானே, அதையும் கேட்டாள். சோற்றை அளந்து போட்டாள். பாண் சாப்பிடுவதை விட்டாள். பிளேன்டீக்குச் சீனி இல்லை. இரவில் குரக்கன் ரொட்டியும் கீரையும். சாயங்காலம் கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்கி, நாலைந்து பெண்களோடு கண்டி வாவியைச் சுற்றி நடப்பாள். அரச மரத்தடியில் நின்று சிரித்துப் பேசுவாள். நான் ஹயர் சவாரி போகும்போது பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக் குசினியில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உடம்பு இளைத்தது, முகம் தெளிந்தது. டொக்டர் முதலில் குளிசையைப் பாதியாக்கினார், பிறகு நிறுத்தியே விட்டார். நிறுத்திய அன்று கிளினிக்கில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சுபாஜினி அக்காவை எழும்பி நிற்கச் சொல்லி, இந்த அக்காவைப் பாருங்கள், மருந்தில்லாமல் சீனியை இறக்கியிருக்கிறார் என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்த இராஜகுமாரி அக்காவிடம் திரும்பி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு மட்டும் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று கேட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார்.

திரும்பி வரும்போது இராஜகுமாரி அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்குக் கீழே இறக்கிவிடும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "கை தட்டுறாங்கடா யோகராஜ். இடியாப்ப மாவு குழைக்கிறவளுக்கு."

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு நாளும் நல்லபடி விடியவில்லை. சுபாஜினி அக்காவிடம் ஆலோசனை கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குரக்கனை எப்படிச் சலிப்பது, பாகற்காயை எதோடு சுண்டுவது, எவ்வளவு நேரம் நடப்பது. கேட்க வந்தவர்கள் மூத்தவளின் வாசலைக் கடந்துதான் இளையவளின் வாசலுக்குப் போக வேண்டும். நவராத்திரியில் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு இதைப் பற்றிப் பேச வேண்டுமென்று கூப்பிட்டார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மைக்கில் பேசினாள். அன்று இராஜகுமாரி அக்காவுக்குத் தலைவலி. போகவில்லை. ஆனால் மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சண்முகநாதன் அண்ணன் ஒரு நாள் சாப்பிடும்போது, சுபாவைப் பார்த்தாவது நீ கொஞ்சம் படித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். மனுசனுக்கு வாயை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று இந்த வயதிலும் தெரியவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து குளிசையும் போடவில்லை.

இது அப்போது யாருக்கும் தெரியாது. மாதா மாதம் கிளினிக்கில் இரத்தம் கொடுக்காமல் நழுவி, மருந்தை மட்டும் வாங்கி வருவாள். வந்து அப்படியே அலுமாரிக்குள் எறிந்துவிடுவாள். கலகெதரப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக்கடையில் கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பை விற்பார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சீனிக்கு நல்லது என்று சிங்கள ஆட்களும் சொல்வார்கள், நம் ஆட்களும் சொல்வார்கள். அதில் ஒன்று வாங்கிவரச் சொன்னாள், வாங்கிக் கொடுத்தேன். குளிசையோடு சேர்த்துக் குடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதுதான் மருந்தே என்று அவள் முடிவு செய்திருந்தது எனக்கெப்படித் தெரியும்?

பங்குனி மாதம். கண்டியில் அந்த மாதத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், மலை என்றால் குளிர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆட்டோ ஸ்டாண்ட் கோயில் சந்தியில் இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம், பூசை முடிந்து ஐயர் கதவைச் சாத்திப் போன பிறகு, கோயிலைச் சுற்றிய வெளிவீதியில் யாரோ நடப்பது தெரிந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். இராஜகுமாரி அக்கா. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கையை வீசி வீசி, அம்மனைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெறுங்கால். வீதி முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கல் பதித்திருந்தார்கள். சுவிசில் இருக்கிற ஒருவர் தன் அப்பா நினைவாகச் செய்து கொடுத்தது. அந்த நேரத்தில் அந்தக் கல்லில் நாய் கூடக் கால் வைக்காது.

என்னக்கா இந்த வெயிலில் என்று கேட்டதற்கு, நேர்த்தி என்று ஒரு சொல்லில் முடிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. நிழலுக்குக் கூட்டி வந்து தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சுபாகிட்ட மட்டும் வாயைத் திறந்திடாத," என்றாள். "அடுத்த கிளினிக்குல டொக்டர் என்னைய எழும்பி நிக்கச் சொல்லணும். அவ கீழ உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அது போதும்."

"சொல்ல மாட்டேன். ஆனா சாயங்காலமா நடக்கலாமேக்கா."

"சாயங்காலம் அவ வாவிக்குப் போற நேரம். அவளைப் பாத்துத்தான் நானும் நடக்கிறேன்னு ஊர்ல சொல்லுவாங்க. காலையில இடியாப்பம். எனக்கு இருக்கிறது இந்த நேரம்தான்."

"செருப்பாவது போட்டுக்கங்க."

"கோயில் வீதியில செருப்பா? உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சிருச்சா? நடக்கச் சொன்னாங்க, நடக்கிறேன். அம்மனைச் சுத்தி நடந்தா சீனியும் இறங்கும், புண்ணியமும் சேரும். அவ வாவியைச் சுத்துறா. வாவி என்னத்தைக் குடுக்கும்?"

நான் செருப்போடு ரோட்டில் நிற்கவே என் கால் கொதித்தது. உங்களுக்குக் கால் சுடவில்லையா என்று கேட்டேன். அவள் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள்.

"சுடல தம்பி. துளி கூடச் சுடல. அம்மன் சுட விடல."

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஆடியில் தீக்குழி இறங்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மனசு சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது, சுட்டால் விரதத்தில் எங்கோ பிழை. இராஜகுமாரி அக்கா கல்யாணத்துக்கு முன்பு தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது இரண்டு முறை தீ மிதித்தவள். ஆகவே, கொதிக்கிற கல் தன் காலைச் சுடவில்லை என்றால் அது அம்மன் உத்தரவு. தான் குளிசையை விட்டது சரி, நடப்பது சரி, சுபாஜினியை வெல்லப் போவதும் உறுதி. அம்மனே தன் பக்கம் நிற்கும்போது டொக்டர் எம்மாத்திரம்?

நானும் அன்றைக்கு அதை நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மெய்சிலிர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் இளைத்தாள். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோசம். சாப்பிடாமலும் வெயிலிலும் மட்டும் இளைக்கவில்லை, இரத்தத்தில் சீனி கூடினாலும் உடம்பு அப்படித்தான் வற்றும் என்று பிறகு டொக்டர் சொன்னார். இரவில் நாலைந்து தடவை எழும்பித் தண்ணீர் குடித்திருக்கிறாள். அதையும் கோப்பை மருந்து வேலை செய்வதாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

முதலில் கண்டுபிடித்தது சுபாஜினி அக்கா. விடியற்காலை குசினித் தரையில் மாவு சிந்தியிருக்கும். மூத்தவள் நடந்த இடத்தில் அந்த மாவு ஈரமாகி அப்பிக்கிடந்தது. தண்ணீர் சிந்தியிருக்கும் என்று துடைத்திருக்கிறாள். மறுநாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் அதில் சிவப்பு. நான் கூடை ஏற்றப் போனபோது இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்று தகராறு. காலைக் காட்டுங்கள் என்று இவள் குனிகிறாள். அவள் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு காட்ட மாட்டேன் என்கிறாள். சட்டியில் தண்ணீர் கொதித்து மூடியைத் தூக்குகிறது, ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"நீ சந்தோசப்படுறதுக்கு நான் காலைக் காட்டணுமா?" என்று இராஜகுமாரி அக்கா கேட்டாள்.

சுபாஜினி அக்கா அழுதுகொண்டே வெளியே வந்து என்னிடம், நீங்களாவது சொல்லுங்கள் தம்பி என்றாள். நான் வெயிலில் நடந்ததைச் சொன்னேன். வாக்குக் கொடுத்தது நினைவிருந்தது, ஆனால் மாவில் இரத்தத்தைப் பார்த்த பிறகு என்ன வாக்கு? அவள் உள்ளே ஓடினாள். சண்முகநாதன் அண்ணனையும் எழுப்பிக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து மூத்தவளைக் கதிரையில் உட்கார வைத்து வலுக்கட்டாயமாகக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள்.

இரண்டு பாதத்திலும் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. இடது காலில் சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. அழுகிய மணம் வந்தது. அவளுக்கு நோகவேயில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு இடியாப்பம் போகவில்லை. கூடையை இறக்கிவிட்டு அவளை ஏற்றினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சுபாஜினி அக்கா அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மூத்தவள் காலை இழுத்து இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

இரண்டு விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது, அதுவும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். சீனியின் அளவைப் பார்த்துவிட்டு வார்டு டொக்டர் கேட்டபோதுதான் குளிசையை விட்ட கதை வெளியே வந்தது. கிளினிக் லேடி டொக்டரும் வந்து பார்த்தார். அவருக்கு முகமே சரியில்லை. சுபாஜினிக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம், உங்களுக்கு எட்டு வருசம், இரண்டு உடம்பும் ஒன்றா என்று கேட்டார். நடப்பதும் சாப்பாடும் இரண்டு பேருக்கும்தான், ஆனால் உங்களுக்குக் குளிசையோடு சேர்த்துத்தான் என்று முன்பே சொன்னேனே என்றார். அவர் சொல்லித்தான் இருந்தார். கைதட்டல் சத்தத்தில் அது இவள் காதில் ஏறவில்லை. கால் சுடாததற்குக் காரணத்தையும் சொன்னார். பல வருசம் சீனி கூடிக் கூடிக் காலின் நரம்பு செத்துப்போயிருக்கிறது. நெருப்பை வைத்தாலும் தெரியாது.

இராஜகுமாரி அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விரல் போனதற்குக் கூட அவள் அப்படிப் படுக்கவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று சாயங்காலம் நான்தான் கூட்டிவரப் போனேன். கட்டிலை இழுத்துப் போட்டு வைக்க வேண்டுமென்று சண்முகநாதன் அண்ணன் முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். சுபாஜினி அக்காதான் மருந்துப் பையோடு கூட வந்தாள். வார்டில் இருந்த நாளெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் தனியாக மாவு குழைத்துத் தனியாகப் பிழிந்து கடைக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறி வருவாள். பிழிந்தது தடிப்பாக இருக்கிறதென்று கடைக்காரர்கள் முணுமுணுத்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூத்தவளிடம் சொல்லியிருந்தால் சீக்கிரம் சுகமாகியிருப்பாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாவிக் கரையோரம் டிராபிக்கில் நின்றுவிட்டோம். நடக்கிற பெண்கள் கூட்டம் எதிரே வந்தது. சுபாஜினி அக்காவைப் பார்த்துவிட்டு ஒருத்தி கையைக் காட்டினாள், மற்றவர்களும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். இவள் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"போ," என்றாள் இராஜகுமாரி அக்கா. "இறங்கி நட. உன்னையக் காணாமத் தேடுறாங்க. நான் ஒரு நொண்டி, நான் வீட்டுக்குப் போய்க்கிறேன்."

டிராபிக் நகர்ந்தது. நான் முதல் கியரைப் போட்டு அம்பிட்டிய ரோட்டுக்குத் திருப்பும்போதுதான் சுபாஜினி அக்கா சொன்னாள்.

"அக்கா, நானும் குளிசை போடுறேன்."

இராஜகுமாரி அக்கா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்ன?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆடியிலயிருந்து போடுறேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் குளிசையை நிறுத்திய பிறகு சில மாதம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நடையிலும் ஒரு குறை வைக்கவில்லை, சாப்பாட்டிலும் ஒரு குறை வைக்கவில்லை. இருந்தும் ஏறத் தொடங்கிவிட்டது. தலைசுற்றல் என்று திகனைக்குப் போய், கூடப் படித்த ஷஹ்மா வீட்டில் நின்று, அங்கே ஒரு தனியார் டொக்டரிடம் காட்டியிருக்கிறாள். சிலருக்கு அப்படித்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை, குளிசையைத் தொடருங்கள் என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். மாதா மாதம் ஷஹ்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே மக்கீன் நானாவின் பாமசியில் வாங்கி வந்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வந்து இரத்தம் கொடுத்திருக்கிறாள். நவராத்திரியில் மைக்கைப் பிடித்தபோதும் காலைக் குளிசை வயிற்றில்தான் இருந்திருக்கிறது.

"டொக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சுதேஷுக்கு?"

"யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

"யோகராஜுக்கும்," என்றாள் இராஜகுமாரி அக்கா.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணாடி இருக்கிறதே. வீட்டைக் கொளுத்துகிற மாதிரி ஒரு கோபம் வரப்போகிறது, ஆட்டோவை ஓரங்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபமில்லை. அத்தனை மாதமாக இறுகிக்கிடந்த முகம் இளகி, வாய் கோணி, அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். அவளுக்குச் சந்தோசம். நான் கூட்டிச் சொல்லவில்லை, பிள்ளை பாஸாகிவிட்டதென்று கேட்ட தாய்க்கு வருகிற மாதிரிச் சந்தோசம்.

"அப்ப உனக்கும் முடியல," என்றாள்.

"எனக்கும் முடியலக்கா."

"பொறகு என்னத்துக்குடி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த? ஏறிருச்சுன்னு டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

சுபாஜினி அக்கா மடியில் இருந்த மருந்துப் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நீங்க பாத்தீங்களே, அதுக்குத்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலயிருந்து உங்க கை, உங்க இடியாப்பம், உங்க பேச்சு. மாமி சாகிறப்பகூட நான்தான் பக்கத்தில நிக்கிறேன், தண்ணி உங்ககிட்டத்தான் கேட்டாங்க. ஒரு தடவையாவது நீங்க என்னையப் பாத்து வயிறெரியணும்னு இருந்துச்சு. அன்னைக்கு கிளினிக்குல உங்க மூஞ்சியைப் பாத்தேன். அதை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல. நீங்க குளிசையை நிப்பாட்டுவீங்கன்னு சத்தியமா நினைக்கலக்கா."

"நல்லா இருந்துச்சா?"

"என்னது?"

"நான் வயிறெரிஞ்சது."

பையின் காதை விட்டுவிட்டுச் சுபாஜினி அக்கா, "நல்லா இருந்துச்சு," என்றாள்.

இராஜகுமாரி அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். "எனக்கும் இப்ப நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு குனிந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஏற்றம் முடியும் வரைக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குக் கீழே நிறுத்தினேன். ரோட்டிலிருந்து வாசலுக்குச் சீமெந்துப் படி, செங்குத்து. சண்முகநாதன் அண்ணன் மேலேயிருந்து இறங்கி வந்தார். நானும் கையை நீட்டினேன். இரண்டு பேரையும் தள்ளிவிட்டாள்.

"அவ வரட்டும்."

சுபாஜினி அக்கா வந்து தோளைக் கொடுத்தாள். மூத்தவள் கையை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முழுப் பாரத்தையும் அவள் மேல் சாய்த்தாள். இளையவளுக்கு இளைத்த உடம்பு, இரண்டு முழங்காலும் மடங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முதல் படியில் வைத்து, நாளைக்கே டொக்டரிடமும் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வது எனக்குக் கேட்டது.

"டொக்டர்கிட்டச் சொல்லு," என்றாள் இராஜகுமாரி அக்கா. "ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. உன்கிட்டத் தோத்துத்தான் ரெண்டு விரலைக் குடுத்தேன்னு இருக்கட்டும். பொய்க்குக் குடுத்தேன்னு சிரிக்க வேணாம்."

சுபாஜினி அக்கா தோளைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு பேரும் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார்கள்.